கிரேட் ஓஷன் ரோடு: திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி:

வணக்கம். மெல்பர்னின் மேற்குப் பகுதியில் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், மூன்று மாதம் இருப்பார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவர்களைக் கிரேட் ஓஷன் ரோட்டுக்கு அழைத்துப்போக ஆசை. காலையில் கிளம்பி, கடலோரமாகவே, கடலுக்குள் பாறைத் தூண்கள் நிற்கும் டுவெல்வ் அப்போஸ்டில்ஸ் வரை போய், நடுவில் காட்டையும் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பிவிட முடியுமா? நான் ஒருவன்தான் ஓட்ட வேண்டும்; மனைவிக்கு இப்போதுதான் லேர்னர் கிடைத்திருக்கிறது. அப்பா நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உண்டு. அம்மாவுக்கு வளைவுப் பாதை ஆகாது. கொல்லிமலைக்குப் போனபோது பாதி வழியிலேயே வாந்தி. நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். எங்கெங்கே நிற்கலாம்? டிரோன் கொண்டுபோகலாமா?

— ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்:

முடியும். தினமும் எத்தனையோ பேருந்துகள் அப்படித்தான் போய்வருகின்றன. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன். இந்தச் சாலையில் சுற்றுலா வண்டி ஓட்டுவதுதான் என் தொழில். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கடலோரமாக அப்போஸ்டில்ஸ் வரை போய், உள்நாட்டுச் சாலை வழியாக வீடு திரும்பினால் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனாலே ஏழரை, எட்டு மணி நேரம் ஆகும். அதில் கணிசமான பகுதி வளைவு. ஒரே ஆள் ஓட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பதினைந்து நிமிடம் இறங்கி நிற்க வேண்டும், அதில் சமரசமே கூடாது. சாப்பாடு, கழிப்பறை, குழந்தை, அப்பாவின் முழங்கால் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள், பதின்மூன்று பதினான்கு மணி நேரம் ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். மார்ச்சில் ஏழரை மணிக்கு இருந்த வெளிச்சம் ஏப்ரல் கடைசியில் இருக்காது. ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜனவரியில் போய்வந்த நண்பர் சொன்ன திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஏப்ரலில் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அதனால் நான் யாருக்கும் போகும் இடத்தை வைத்துத் திட்டம் போடுவதில்லை. இருட்டும்போது வண்டி எந்தச் சாலையில் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவேன். இருட்டும் நேரத்தில் நீங்கள் ஆட்வே காட்டுக்குள்ளோ, அப்போஸ்டில்ஸ் பக்கத்து ஊரான போர்ட் கேம்பலுக்குப் பின்னால் இருக்கும் பண்ணைப் பகுதிச் சாலைகளிலோ இருக்கக் கூடாது. கங்காருவும் அதைப் போன்ற சின்ன விலங்கான வாலபியும் மேய வெளியே வரும் நேரம் அது. சாலை விளக்கு கிடையாது. களைத்துப்போன ஓட்டுநர், தூங்கும் குழந்தை, குறுக்கே பாயும் விலங்கு, மூன்றும் சேரக் கூடாது. ஒருவேளை கங்காரு குறுக்கே வந்துவிட்டால் ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள். நேராகவே பிடித்துக்கொண்டு பிரேக் போடுங்கள். ஒடித்தால் மரத்தில் போய் மோதவோ எதிரே வரும் வண்டியில் இடிக்கவோ வாய்ப்பு அதிகம்.

அப்பா அம்மா மூன்று மாதம் இருக்கப்போகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் எல்லாவற்றையும் ஒரு சனிக்கிழமைக்குள் அடைக்க வேண்டும்? இதை இரண்டு பயணமாகப் பிரியுங்கள். முதல் சனிக்கிழமை கடலோரச் சாலையும் காடும், அப்பல்லோ பே பக்கம் வரை. அப்போஸ்டில்ஸ் இன்னொரு நாள், உள்நாட்டுச் சாலை வழியாக நேரே போய் நேரே திரும்பும் பயணம். அப்போஸ்டில்ஸ் பார்க்காமல் திரும்பினால் பார்த்த மாதிரியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் அப்பா ஆயுள் முழுக்கச் சாலை போட்டவர். அவருக்குக் காட்ட வேண்டியது முதலில் இந்தச் சாலையைத்தான்.

காரணம் சொல்கிறேன். முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை கொடுப்பதற்காகவும், போரிலிருந்து திரும்பாதவர்களின் நினைவாகவும் போட்ட சாலை இது. 1919-ல் வேலை தொடங்கியது, 1932 நவம்பரில் முழுச் சாலையும் திறந்தார்கள். ஏறத்தாழ 3,000 பேர் வேலை செய்தார்கள். குந்தாலி, மண்வெட்டி, தள்ளுவண்டி, கொஞ்சம் வெடிமருந்து, இவ்வளவுதான் கருவி. செங்குத்தான மலைச்சரிவைக் கையால் வெட்டி வழி எடுத்தார்கள். கீழே அலை அடித்துக்கொண்டிருக்கும், தங்குவது கூடாரத்தில். இதற்காக அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டியவர் ஜீலாங் நகர மேயராக இருந்த ஹோவர்ட் ஹிட்ச்காக். சாலை முழுதாகத் திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவர் காலமாகிவிட்டார். திறப்பு விழா ஊர்வலத்தில் ஆளுநரின் வண்டிக்குப் பின்னால் அவருடைய காரையும் ஓட்டிச் சென்றார்கள். ஆரம்ப ஆண்டுகளில் சுங்கம் வசூலித்தார்கள். 1936-ல் சாலை அரசின் கைக்கு வந்தபோது சுங்கம் நின்றது. இதையெல்லாம் வண்டியில் போகும்போதே அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இனி அம்மா. இந்தச் சாலையில் கொல்லிமலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகள் கிடையாது. ஆனால் லார்ன் என்னும் ஊரைத் தாண்டியதும் இடது, வலது, இடது என்று ஓயாமல் ஆடும் சின்னச் சின்ன வளைவுகள். கொண்டை ஊசியைத் தாங்கும் சிலருக்குக்கூட இது ஒத்துக்கொள்ளாது. லார்னிலிருந்து அப்பல்லோ பே 45 கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை நடுவில் மூன்று இடங்களில் நின்று உடைத்துவிடுங்கள்.

அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள், இதில் விவாதமே வேண்டாம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது, வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘ஆடவில்லை’ என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். முன்னால் வரும் சாலையையும் அடிவானத்தையும் பார்த்துக்கொண்டு வந்தால் இரண்டும் ஒத்துப்போகும். அடிக்கடி கையில் இருக்கும் போனைக் குனிந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் ஆரம்பித்துவிடும். குழந்தைக்கும் இதேதான், டேப்லெட் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. வாந்திக்கு முன்கூட்டியே போடும் மாத்திரைகள் மருந்துக்கடையில் கிடைக்கும். வளைவு தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இருக்காது. அவற்றில் பல தூக்கம் வரவைக்கும். அம்மா வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறவர் என்றால் அந்தப் பட்டியலோடு போய் மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஓட்டுகிற நீங்கள் அதைத் தொடவே வேண்டாம்.

மாத்திரையைவிடப் பெரிய மருந்து உங்கள் வலது காலில் இருக்கிறது. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக் போட்டால் உள்ளே இருப்பவர்களின் தலை ஒரே நேரத்தில் முன்னாலும் பக்கவாட்டிலும் இழுபடும். வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்த பிறகு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். நீங்கள் சரியாக ஓட்டுகிறீர்களா என்று தெரிந்துகொள்ள, முன்னால் கப் ஹோல்டரில் மூடியில்லாமல் பாதி தண்ணீரோடு ஒரு பாட்டில் வையுங்கள். தண்ணீர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தால் நல்லது. அலம்பினால் நீங்கள் வளைவுக்குள் பிரேக் போடுகிறீர்கள் என்று அர்த்தம். பின்னால் யாராவது அவசரமாக ஒட்டிக்கொண்டு வந்தால் பதற வேண்டாம். மெதுவாகப் போகும் வண்டிகள் ஒதுங்க ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள், அதில் இறங்கி நின்று அவரைப் போகவிடுங்கள். அவர் அவசரம் அம்மாவின் வயிற்றில் வந்து இறங்கக் கூடாது.

அப்பா பின்சீட்டில் இடது ஜன்னலோரம். மெல்பர்னிலிருந்து மேற்கே போகும்போது கடல் இடது பக்கம் வரும், நாம் ஓட்டுவதும் இடது பக்கம். அதனால் அவருக்கும் கடலுக்கும் நடுவில் எதிர் வண்டி எதுவும் வராது. நிற்கும் இடங்களும் பெரும்பாலும் அதே இடது பக்கமே இருக்கும், எதிர் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டாம். இந்தத் திசையை மாற்றாதீர்கள்.

சரி, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்பியிருக்க வேண்டும். ஜீலாங்கிலோ டார்க்கியிலோ பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். வழியில் லார்னிலும் அப்பல்லோ பேயிலும் கிடைக்கும், ஆனால் அதை நம்பிக் காலி டாங்கோடு போக வேண்டாம். லார்ன் தாண்டினால் பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பெல்ஸ் பீச்சில் அலைச்சறுக்கு பார்க்கலாம், கால் மணி போதும். ஏரீஸ் இன்லெட்டில் 1891-ல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. மேலே ஏற வேண்டாம், சுற்றி நடந்தாலே குழந்தைக்குப் பிடிக்கும்.

அடுத்து ஈஸ்டர்ன் வியூவில் சாலையின் மேலேயே நிற்கும் மரத்தாலான நினைவு வளைவு. இங்கே ஒரு எச்சரிக்கை. படம் எடுப்பதற்காகச் சாலையின் நடுவில் போய் நிற்கிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். பக்கத்தில் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. சாலை போட்ட சிப்பாய்களின் வெண்கலச் சிலையும் அங்கேயே இருக்கிறது, அப்பாவுக்கு அதைக் காட்டுங்கள். 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன் அன்று பரவிய பெருந்தீயில் முன்பிருந்த வளைவு எரிந்துபோனது. இப்போது நிற்பது அதன் பிறகு கட்டியது.

லார்னில் தேநீர், கழிப்பறை. அங்கே எர்ஸ்கின் அருவிக்குப் போகச் சொல்வார்கள். அடிவாரம் வரை இறங்கப் படிகள் அதிகம், அப்பாவின் முழங்காலுக்கு வேண்டாம். அதற்குப் பதில் ஊருக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் டெடிஸ் லுக்அவுட்டுக்கு வண்டியிலேயே ஏறுங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் போதும். கீழே செயின்ட் ஜார்ஜ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், மலையின் இடுப்பைச் சுற்றிச் சாலை வளைந்து போவது முழுதாகத் தெரியும். மலையை எங்கே வெட்டினார்கள், தடுப்புச் சுவர் எங்கே எழுப்பினார்கள், மழைநீரை எந்தப் பக்கம் விட்டார்கள், எல்லாம் ஒரு வரைபடம் போல விரிந்து கிடக்கும். நாள் முழுக்க ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும் என்றால் உங்கள் அப்பாவுக்காக நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

அங்கிருந்து மவுண்ட் டிஃபயன்ஸில் ஒரு நிறுத்தம். இந்தப் பகுதியில்தான் 2016-ல் மழைக்குப் பிறகு மண் சரிந்து சாலையை மூட வேண்டியிருந்தது. பாறைகளைப் பிடித்து வைக்கப் போட்ட கம்பி வலைகளை ஆங்காங்கே பார்க்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வை ரிவர் பக்கம் தீ வந்து நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. மரம் எரிந்துபோன சரிவில் மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை, மழை வந்தால் சரிவு. இதை அப்பாவுக்கு விளக்க வேண்டியதில்லை, அவரே உங்களுக்கு விளக்குவார்.

அப்புறம் கென்னட் ரிவரில் நின்று கோவாலா பாருங்கள். கிரே ரிவர் ரோடு பக்கம் யூகலிப்டஸ் கிளைகள் பிரியும் கவட்டையில், சாம்பல் நிற மூட்டை மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று தேடச் சொல்லி மகளிடம் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும், அதனால் ஓடிவிடுமோ என்ற பயம் இல்லை. கிளிகள் கையில் வந்து உட்காரும். அவற்றுக்கு எதுவும் கொடுக்காதீர்கள், நம் தீனி அவற்றுக்கு நோயைத்தான் கொடுக்கும். கோவாலாவைப் பார்த்துவிட்டு நடுச்சாலையில் பிரேக் போடுவதும் இங்கே அடிக்கடி நடக்கும். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டே ஓட்டுங்கள். மூன்றாவது நிறுத்தம் கேப் பேட்டன், ஐந்து நிமிடம்.

அப்பல்லோ பேயில் ஒரு மணிவாக்கில் சாப்பாடு. கட்டுச்சோறு கொண்டுபோனால் கடற்கரைப் புல்வெளியிலேயே சாப்பிடலாம். அலையில் கால் நனைக்க ஆசைப்பட்டால் உயிர்காப்பாளர்கள் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும். கொடி இல்லையென்றால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இது தெற்குப் பெருங்கடலைப் பார்த்த கரை, முழங்கால் அளவுத் தண்ணீரே ஆளை இழுத்துவிடும்.

சாப்பிட்டு அரை மணி கழித்துக் காட்டுக்குள். பதினேழு கிலோமீட்டரில் மெய்ட்ஸ் ரெஸ்ட். 800 மீட்டர் சுற்றுப்பாதை, பாதிக்கு மேல் பலகை போட்டிருக்கும், சின்ன ஏற்ற இறக்கம் உண்டு. அப்பா கைத்தடி எடுத்துக்கொண்டால் மெதுவாகச் சுற்றிவிடலாம், முடியாவிட்டால் முதல் நூறு மீட்டரே போதும். அந்தக் காலத்தில் ஒரு வனக்காவலர் தன் குதிரையை இளைப்பாற விட்ட இடம் என்பதால் இந்தப் பெயர். தலைக்கு மேல் குடை விரித்த மாதிரி மரப்பெரணிகள், பாசி போர்த்திய மிர்ட்டில் பீச் மரங்கள், எங்கோ மேலே மவுண்டன் ஆஷ். உலகத்திலேயே உயரமாக வளரும் பூக்கும் மரம் அது. அரை மணி நேரத்துக்கு முன்பு உப்புக்காற்று அடித்த முகத்தில் இங்கே ஈரக்காற்று படும். அம்மாவுக்கு அன்று மிகவும் பிடிக்கப்போகிற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வளைவுகளில் சுழன்ற தலைக்கு அசையாத நிழல் நல்லது. ஆனால் அப்பல்லோ பே வரும்போதே அவர் சோர்ந்துபோயிருந்தால் இதை விட்டுவிடுங்கள். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், இரண்டும் வளைவுதான்.

எப்படியானாலும் மூன்று மணிக்கு மெய்ட்ஸ் ரெஸ்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். “இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் அப்போஸ்டில்ஸ்தானே” என்று மனம் சொல்லும். அங்கேதான் நாள் கெடும், திரும்பிவிடுங்கள். ஸ்கீன்ஸ் கிரீக்கில் கடலை விட்டு உள்ளே ஏறி ஃபாரஸ்ட் என்னும் ஊர் வழியாக பிர்ரேகர்ரா, அங்கிருந்து பிரின்சஸ் ஹைவே. ஏற்றத்தில் முதல் பகுதி வளைவும் உயர்ந்த மரங்களுமாக இருக்கும், ஃபாரஸ்ட் தாண்டியதும் சாலை தளர்ந்து மேய்ச்சல் நிலங்களுக்குள் இறங்கும். கடலோரமாகவே திரும்பினால் கிடைக்காத நிம்மதி அம்மாவுக்கு இங்கே கிடைக்கும். ஐந்தேகால் வாக்கில் வின்செல்சீ பக்கம் நடுவில் பிரிப்பு உள்ள அகலமான நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். இருட்டினால் இருட்டட்டும்.

இரண்டாவது பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிரின்சஸ் ஹைவேயில் கொலாக் வழியாக அப்போஸ்டில்ஸ் மூன்று மணி நேரம், பெரும்பகுதி நேர்ச்சாலை. பெயரில்தான் பன்னிரண்டு, இப்போது நிற்பவை ஏழு அல்லது எட்டு என்பார்கள். 2005 ஜூலையில் 50 மீட்டர் உயரத் தூண் ஒன்று சில நொடிகளில் சரிந்தது. சுண்ணாம்புக்கல்லை அலை அரித்துக்கொண்டே இருக்கிறது. பார்வை மேடை வரை நடை உண்டு, ஆனால் சமதளம். கிப்சன் ஸ்டெப்ஸில் செங்குத்தாக இறங்கும் படிகளை அப்பா தவிர்க்கட்டும். பக்கத்திலேயே லாக் ஆர்ட் கார்ஜ். 1878 ஜூன் 1 அன்று இங்கிலாந்திலிருந்து வந்த லாக் ஆர்ட் கப்பல் உடைந்து, இருந்த 54 பேரில் டாம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல் இருவர் மட்டுமே பிழைத்தார்கள். பியர்ஸ் கரை சேர்ந்த பிறகு மறுபடி நீந்திப் போய் அந்தப் பெண்ணை இழுத்து வந்த கடற்கரை அது. மேலிருந்து பார்த்தாலே பாறை இடுக்கின் குறுகலும் அலையின் வேகமும் புரியும். எந்த மேடையிலும் வேலியைத் தாண்டாதீர்கள். விளிம்பு கீழே குடைந்துபோயிருக்கும், மேலே நிற்பவருக்குத் தெரியாது.

கிளம்பும் நாள் காலையில் விக்டிராஃபிக் இணையதளத்தில் சாலை நிலவரத்தையும், விக்எமர்ஜென்சி தளத்தில் எச்சரிக்கைகளையும் பாருங்கள். முந்தைய இரவு கனமழையும் பலத்த காற்றும் அடித்திருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். காட்டுப் பகுதியில் மரம் விழுவதும் கல் உருள்வதும் சகஜம். லேசான தூறல் என்றால் தயங்க வேண்டாம், மெய்ட்ஸ் ரெஸ்ட் தூறலில்தான் இன்னும் அழகு.

டிரோன் விஷயம்: ஆட்வே காடும் அப்போஸ்டில்ஸ் கரையும் தேசியப் பூங்காக்கள். அங்கே அனுமதி வாங்காமல் டிரோன் பறக்கவிடக் கூடாது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, அதற்குப் பதில் அம்மாவுக்கு ஒரு தலையணை எடுத்துக்கொள்ளுங்கள்.